அக்குளில் வைத்த சீசா

ஜூலை. கன்செப்சியோனில் ஜூலை என்றால் மழை,
மழை என்றால் விடாமல் ஆறு நாள்.
எங்கள் மருந்துப் பெட்டி துறைமுகத்துச் சுங்கத்தில்
யாருடைய கையெழுத்துக்கோ காத்திருக்கிறது.
அது இல்லாமல் வெள்ளை அணு கண் திறக்காது.
எத்தனை சீரம் ஊற்றினாலும் சும்மா கிடக்கும்,
சம்பளம் வராத குமாஸ்தா மாதிரி.

சந்தைக்குப் போனேன்.
ஒரு கிலோ சிவப்பு பீன்ஸ் கொட்டை.
"சூப்புக்கா?" என்றாள் கடைக்காரி.
"ஒரு பிடி மட்டும் ரத்தத்துக்கு" என்றேன்.
அவள் சில்லறையை மிக மெதுவாக எண்ணித் தந்தாள்.

பச்சைக் கொட்டைக்குள் ஒரு விஷம் உண்டு.
வேகவைத்தால் போய்விடும், அதனால் பிழைக்கிறோம்.
எனக்கு வேண்டியது அந்த விஷம்தான்.
இரவெல்லாம் உப்புநீரில் ஊறியதை அரைத்து,
சுழற்றி, வடிகட்டி,
பழுப்பாக இரண்டு கரண்டி சாறு எடுத்தேன்.
தூங்குகிறவன் காதில் துரும்பு விடுகிற வேலை:
லிம்போசைட் திடுக்கிட்டு எழும்,
எழுந்த வேகத்தில் இரண்டாகும்.

முதல் சீசா: எர்சிரா, பதிமூன்று வயது,
லோத்தா சுரங்கத்துக்காரன் மகள்.
மூன்று வருஷமாக ஒரே உடுப்பு பொருந்துகிறது அவளுக்கு.
ஏன் என்று கேட்டு அனுப்பியிருக்கிறார்கள்
ஐந்து மில்லி ரத்தமும்
ஒரு பை நிலக்கரியும்.

இரண்டாவது, ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆரோக்கியமான ஆள்.
அந்த நேரத்தில் கட்டிடத்தில் இருந்தது
நானும் காவலாளி எரிபெர்த்தோவும்தான்.
எனக்கு ஜலதோஷம்.

அன்றிலிருந்து இரவானால் கதவருகே வந்து நிற்பார்,
தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு,
உள்நோயாளியைப் பார்க்க வந்த உறவுக்காரர் போல.
"செஞ்ஞோரித்தா ஒரியெட்டா, நான் எப்படி இருக்கிறேன்?"
"ரோஜா நிறம் மஞ்சளாகி வருகிறது, தோன் எரிபெர்த்தோ."
"அது நல்லதா?"
"பசித்துச் சாப்பிடுகிறீர்கள் என்று அர்த்தம்."
"வீட்டில் என்னவோ ஒரு வாய் இறங்குவதில்லை"
என்று முணுமுணுத்துப் போவார்.

இரண்டாம் இரவு, மணி இரண்டு பத்து. மின்சாரம் போயிற்று.
இன்குபேட்டரின் முள் இறங்குகிறது:
முப்பத்தேழு. முப்பத்தாறு. முப்பத்தைந்தரை.
போர்வை சுற்றினேன்.
நிலக்கரி இருக்கிறது, அதைப் போட அடுப்பு இல்லை.

எரிபெர்த்தோ கைவிளக்கோடு வந்தார்.
கோட்டுப் பொத்தானைக் கழற்றினார்,
கம்பளிச் சட்டை, அதற்குள் இன்னொரு கம்பளிச் சட்டை.
"என்னுடையதுதானே, கொடுங்கள் இப்படி."
இடது அக்குளில் தன்னை வைத்துக்கொண்டார்.
வலது அக்குளில் அவளை.
விடியும் வரை நாற்காலியில்,
கையை விரிக்காமல், தும்மாமல்,
மூக்கு அரித்தபோது என்னைச் சொறியச் சொல்லி.

இதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை:
பார்க்க வேண்டுமானால் நிறுத்த வேண்டும்.
மூன்றாம் நாள், பிரிந்துகொண்டிருக்கும் நட்டநடுவில்
கொல்ச்சிசின் இரண்டு சொட்டு.
பிறகு நீர்த்த உப்பில் ஊதவைத்து, சாராயத்தில் நிறுத்தி,
ஒரு முழ உயரத்திலிருந்து கண்ணாடித் துண்டின் மேல்
சொட்டவிட வேண்டும். உடையும்.
உடைந்தால்தான் எண்ண வரும்.

எரிபெர்த்தோ: நாற்பத்தாறு. நாற்பத்தாறு. நாற்பத்தாறு.
எர்சிரா: நாற்பத்தைந்து.
சாயம் சரியில்லையோ? வேறு துண்டு.
நாற்பத்தைந்து.
கண்ணைக் கசக்கிக்கொண்டு முப்பது அணு எண்ணினேன்.
முப்பதிலும் அதே ஒன்று
எங்கேயோ சொல்லாமல் போயிருந்தது.

இரவு தொப்பியோடு வந்தார்.
"நான்?"
"முழுசாக இருக்கிறீர்கள்."
"அந்தப் பிள்ளை?"
அறிக்கை டாக்டருக்குத்தான், காவலாளிக்கு இல்லை.
பேசாமல் நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தேன்.
அவர் வலது அக்குளை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.
"எனக்கு ரெண்டும் ஒரே சூடாகத்தான் இருந்தது" என்றார்.

மிச்சக் கொட்டையைப் பூசணி போட்டு
நன்றாக, மிக நன்றாக வேகவைத்திருந்தேன்.
தட்டை நீட்டினேன்.
சாப்பிட்டார். இன்னும் ஒரு கரண்டி கேட்டார்.